ராபர்ட் கோக்கும் எங்க அம்மாவின் கழுத்துக் கட்டியும்



நம்ம மாணவர் சங்க ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழு அண்ணன்கள் கேட்டார்கள். அப்துல் கலாம், பாரதியார், விசுவேசுவரய்யா எல்லோரையும் மற்ற நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் ராபர்ட் கோக் என்று பெயர் கொடுத்தேன். யாருடா அது, ஃபுட்பால் பிளேயரா என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். இல்லைடா, ஒரு ஜெர்மன் டாக்டர், செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு என்றேன். சிவில் படிக்கிற உனக்கு டாக்டர் கதை எதுக்கு என்று அடுத்த கேள்வி வந்தது.

நியாயமான கேள்விதான். பதில் எங்க வீட்டில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க வீட்டு நிலைமை

எங்க ஊர் மணப்பட்டு. பாகூர் கொம்யூன். அப்பா சவுக்கு வெட்டுற கூலி வேலை. அம்மா நடவு, களை என்று எது கிடைச்சாலும் போவாங்க. எங்க பரம்பரையிலேயே பத்தாவது தாண்டியது நான்தான். அதனால் வீட்டுக்கு ஒரு கடிதாசி வந்தாலும், ரேஷன் கார்டில் பிழை இருந்தாலும், மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கு என்றாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பாரம் என்பது போன வருஷம்தான் எனக்குப் புரிந்தது.

போன வருஷம் வைகாசியில் அம்மாவுக்குக் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி. வலியே இல்லை. சாயந்திரம் ஆனால் லேசாகக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை. எடை 42 கிலோவுக்கு வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி வைத்து எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்து, நெறிக்கட்டியில் வந்திருக்கிற டீபி என்றார்கள். டீபி என்றால் இருமல், ரத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கழுத்திலும் வரும், முதுகெலும்பிலும் வரும், மூளையிலும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. ஆறு மாதம்.

முதல் மாதம் அற்புதம் என்றே சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. எடை இரண்டு கிலோ ஏறியது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து அம்மா பயந்தாங்க. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்படாதீங்க என்று நர்ஸ் அக்கா சொன்னதும் சிரித்துவிட்டாங்க.

ஆனால் ஏழாவது வாரம் எல்லாம் தலைகீழ்! சுண்டைக்காய் மாதிரி சுருங்கிக்கொண்டிருந்த கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. அந்தப் பக்கக் கழுத்தில் புதிதாக இன்னொன்று. விட்டுப்போன சாயந்திரக் காய்ச்சல் திரும்பவும் வந்தது. ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டும் இப்படி!

வீட்டில் கூட்டம் கூடியது. மாத்திரை ஒத்துக்கலை என்றாங்க பெரியம்மா. சூடு ஏறிப்போச்சு என்றாங்க அத்தை. அப்பா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாரு. நான் யோசித்தேன். மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு கட்டி. போட்ட பிறகு இரண்டு கட்டி. அப்படியென்றால் மாத்திரைதானே காரணம்? கணக்கு சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. சரி, நிறுத்திப் பார்ப்போம் என்று சொன்னது வேறு யாரும் இல்லை நண்பர்களே... நான்தான்!

நான்கு நாள் அம்மா மாத்திரை போடவில்லை. ஐந்தாம் நாள் நர்ஸ் அக்கா போனில் விசாரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. உடனே அம்மாவை அழைத்துக்கொண்டு வா, அட்டையையும் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். கன்னியக்கோயிலில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கிற ஹாலில் மார்ச் 24 உலகக் காசநோய் தினம் என்று ஒரு பழைய போஸ்டர். அதில் தாடியும் மூக்குக்கண்ணாடியும் வைத்த ஒருவர் படம். கீழே பெயர்: ராபர்ட் கோக்.

அம்மாவைப் பரிசோதித்து முடித்த டாக்டரம்மா சொன்ன விளக்கத்திலும் அதே பெயர் வந்தது. அப்புறம் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

சுரங்க ஊர்ப் பையன்

ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்டால் என்று ஒரு சுரங்க ஊர். அங்கே 1843 டிசம்பர் 11-ல் கோக் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வீட்டில் மொத்தம் பதின்மூன்று பிள்ளைகள்! ஐந்து வயதிலேயே செய்தித்தாளை வைத்துத் தானாக வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் எம்மி என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள்.

1872-ல் வோல்ஸ்டைன் என்ற சின்ன ஊரில் அரசாங்க வட்டார மருத்துவர் வேலை. அந்த ஊர் இன்றைக்குப் போலந்து நாட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகம் இல்லை, லேபரட்டரி இல்லை, பேச்சுத்துணைக்குக்கூட ஒரு விஞ்ஞானி இல்லை. மனைவி பரிசாகக் கொடுத்த ஒரு மைக்ராஸ்கோப் மட்டும் இருந்தது. நோயாளிகளைப் பார்க்கும் அறையையே திரை போட்டுத் தடுத்து ஒரு பாதியை லேபரட்டரி ஆக்கினார்!

அந்த வட்டாரத்தில் ஆடு மாடுகள் ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த ஆட்டின் ரத்தத்தைச் சுத்தமான மரச் சிராய்களில் தொட்டு எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் செத்தன. ரத்தத்தில் குச்சி குச்சியாகக் கிருமிகள். அவற்றை உடலுக்கு வெளியே, மாட்டுக் கண்ணின் நீரில் வளர்த்தார். அவை விதை மாதிரி உறைந்து, மண்ணில் பல வருஷம் சாகாமல் கிடக்கும் என்று கண்டுபிடித்தார். 1876-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பேராசிரியர்கள் கண்முன்னாலேயே செய்து காட்டினார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமி என்பது முதன்முதலாக முழுமையாக நிரூபிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 32.

நண்பர்களே, நமக்கு லேப் வசதி போதவில்லை என்று நாம் எத்தனை தரம் புலம்பியிருப்போம்! சிந்தித்துப் பாருங்கள்.

சமையலறையிலிருந்து வந்த உதவி

1880-ல் அவரைப் பெர்லினுக்கு, அரசின் சுகாதார அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். கிருமிகளை ஒன்றோடு ஒன்று கலக்காமல் தனித்தனியாக வளர்க்க ஒரு கெட்டியான தளம் வேண்டும். முதலில் உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். பிறகு ஜெலட்டின். ஆனால் உடல் சூட்டுக்கு ஜெலட்டின் உருகிவிடும். அப்போது அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஒரு யோசனை சொன்னார். அவர் வீட்டில் பழக்கூழ் உறைய வைக்க அகர் அகர் என்ற கடற்பாசிப் பொருளைப் போடுவார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒருவர் மூலம் அது அவருக்குப் பழக்கம். நம்ம ஊரில் நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சி வெட்டிக் கொடுப்பார்களே, சைனா கிராஸ் என்று கடையில் விற்கிறதே, அதேதான்! இன்றுவரை உலகத்திலுள்ள லேபரட்டரிகள் எல்லாம் அதில்தான் கிருமி வளர்க்கின்றன. ஆனால் கோக் தன் கட்டுரையில் அகர் பற்றி எழுதியபோது அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை. பெரிய மனிதர்களிடமும் இப்படிப்பட்ட குறைகள் உண்டு.

மார்ச் 24

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சாகிறவர்களில் ஏழில் ஒருவர் காசநோயில் செத்தார்கள் என்று கோக்கே கணக்குச் சொன்னார். பரம்பரை நோய் என்று பலர் நம்பினார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வந்ததே, அதனால்! எங்க ஊரிலும் இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

1881 ஆகஸ்டில் கோக் இந்த வேலையைத் தொடங்கினார். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற ஒரு உறை உண்டு. சாதாரணச் சாயம் அதில் ஏறாது. சாயங்களை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் பழுப்புப் பின்னணியில் நீல நிறத்தில் மெல்லிய குச்சிகளாக அவற்றைப் பார்த்தார். அடுத்து வளர்க்க வேண்டும். உறைய வைத்த ரத்த நீரில் விதைத்து உடல் சூட்டில் வைத்தார். மற்ற கிருமிகள் ஒரே நாளில் வளர்ந்துவிடும். இது ஒரு வாரம் ஆகியும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கழுவி ஊற்றியிருப்பார்கள். கோக் காத்திருந்தார். இரண்டாவது வாரத்தில்தான் புள்ளி புள்ளியாக எழும்பியது. வளர்ந்ததை எடுத்துக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் காசநோய்!

1882 மார்ச் 24. பெர்லின் உடலியல் கழகத்தில் கோக் பேசினார். அவர் நல்ல பேச்சாளர் இல்லை. மெதுவாக, தயங்கித் தயங்கிப் பேசுவார். ஆனால் மேஜை நிறைய ஆதாரம் வைத்திருந்தார். பேசி முடித்ததும் கைதட்டல் இல்லை, கேள்வியும் இல்லை. மறுத்துப் பேச ஒருவருக்கும் ஒன்றும் இல்லை! அதனால்தான் அந்த நாள் இன்று உலகக் காசநோய் தினம்.

கல்கத்தாவின் குளம்

1883-ல் எகிப்தில் காலரா பரவியது. கோக் ஒரு குழுவோடு அங்கே போனார். அங்கே காலரா ஓய்ந்துபோனதால் வேலை முடியவில்லை. விடவில்லை மனிதர். காலராவைத் தேடி நம்ம இந்தியாவுக்கே வந்தார். 1883 டிசம்பரில் கல்கத்தா. செத்தவர்களின் குடலில் காற்புள்ளி மாதிரி வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தார். மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்தின் நீரிலும் அதே கிருமியைக் கண்டார். இத்தாலியில் பாச்சினி என்ற மருத்துவர் 1854-லேயே அந்தக் கிருமியைப் பார்த்து எழுதியிருந்தார், உலகம்தான் கவனிக்கவில்லை. நோயைத் தண்ணீரோடு சேர்த்துக் காட்டியது கோக்கின் வேலை. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஏன் தள்ளித் தள்ளிப் போட வேண்டும் என்று நாம் சிவில் பாடத்தில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தக் குளமும் இருக்கிறது!

ஊர் திரும்பியபோது போரில் ஜெயித்த தளபதிக்குக் கொடுப்பது போல வரவேற்பு. அரசு ஒரு லட்சம் மார்க் பரிசு கொடுத்தது. 1885-ல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

மேலே ஏறினவர் விழுந்த கதை

நண்பர்களே, இதுவரை சொன்னது எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். இனிமேல் சொல்லப்போவதுதான் எங்க அம்மாவின் கழுத்தோடு சம்பந்தப்பட்டது.

கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்து எங்கே என்று உலகமே கேட்டது. 1890 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், காசநோய்க் கிருமியைத் தடுக்கும் ஒரு பொருள் கினிப்பன்றிகளில் பலன் தருகிறது என்று கோக் அறிவித்தார். நவம்பரில் மனிதர்களுக்குப் போட்ட விவரத்தை வெளியிட்டார். அவ்வளவுதான்! நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். விடுதிகள் நிரம்பி வழிந்தன. வந்தவர்களில் எத்தனையோ பேர் சாகும் நிலையில் இருந்தவர்கள். அந்த மருந்துதான் டியூபர்குலின். அதில் என்ன இருக்கிறது என்பதை அவர் அப்போது சொல்லவில்லை.

முதலில் தனக்கே ஊசி போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் கை கால் வலி, இருமல், மூச்சுத் திணறல், நடுக்கம், வாந்தி. காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டியது. நோயாளிகளுக்குப் போட்டபோது இன்னும் வேகம். முகத்தில் தோல் காசநோய் உள்ளவர்களுக்கு அந்தப் புண் மட்டும் சிவந்து வீங்கி, நீர் வடிந்து, பொருக்குத் தட்டி உதிர்ந்தது. ஆரோக்கியமான தோலில் ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள் வியந்தார்கள். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து தேடிப்போய்த் தாக்குகிறது என்று நினைத்தார்கள். வீக்கம் அதிகமானால் குணம் நெருங்குகிறது என்று அர்த்தம் செய்துகொண்டார்கள்!

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் ஒரு டாக்டர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரும் அந்த நவம்பரில் பெர்லினுக்கு ஓடினார். கூட்டத்துக்கு உள்ளே போக டிக்கெட்டே கிடைக்கவில்லை. வேறொரு டாக்டர் எடுத்த குறிப்புகளை வாங்கிப் படித்தார், நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். இந்த மருந்து கிருமியைக் கொல்வதில்லையே, அப்புறம் எப்படிக் குணமாகும் என்று சந்தேகப்பட்டு எழுதினார். உண்மையில் கோக்கின் கட்டுரையிலேயே அது இருந்தது. மருந்து கிருமியைக் கொல்வதில்லை, கிருமி பிடித்த சதையைத்தான் தாக்குகிறது என்று அவரே எழுதியிருந்தார். ஆசை கண்ணை மறைத்தது. படித்தவர்கள்கூட அந்த வரியின் அர்த்தத்தை யோசிக்கவில்லை.

1891 ஜனவரியில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற பெரிய மருத்துவர், ஊசி போட்டுச் செத்தவர்களின் பிரேதப் பரிசோதனை விவரத்தை வெளியிட்டார். நுரையீரலில் பழைய புண்ணைச் சுற்றிலும் கடுமையான அழற்சி. புதிது புதிதாக நோய் முடிச்சுகள். ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்த கிருமிகளை ஊசி கிளப்பி விட்டிருக்கலாம் என்றார். அதே மாதம் கோக் மருந்தின் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. காசநோய்க் கிருமியை வளர்த்து, கிளிசரினில் எடுத்த வெறும் சாறு! குணமானவர்கள் மிகக் கொஞ்சம். கெட்டுப்போனவர்கள் ஏராளம். தூக்கி வைத்துக் கொண்டாடிய உலகம் தூற்றியது. கோக் விடுப்பு எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்.

அப்படி என்னதான் நடந்தது?

நம் உடம்பில் கிருமியோடு சண்டை போட ஒரு படை இருக்கிறது. காசநோய் வந்தவரின் படை அந்தக் கிருமியின் வாசனையை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும். டியூபர்குலின் என்பது கிருமியின் சாறு. அதைப் போட்டதும், எதிரி பெரும் கூட்டமாக வந்துவிட்டான் என்று படை பொங்கி எழுந்தது. காய்ச்சலும் வீக்கமும் படை செய்த வேலை. ஆனால் உண்மையான எதிரி ஒருவனும் சாகவில்லை! வீடு மட்டும் எரிந்தது.

கோக் தோற்ற இடத்திலிருந்தே ஒரு நல்லதும் பிறந்தது. 1907-ல் வியன்னாவில் பிர்க்கே என்பவர் அதே டியூபர்குலினைத் தோலில் கீறிப் பார்த்து, சிவந்து தடித்தால் உடம்பில் கிருமி நுழைந்திருக்கிறது என்று கண்டறியும் வழி சொன்னார். 1908-ல் பிரான்சில் மாந்து என்பவர் அதை ஊசியாகப் போடும் முறையாக்கினார். முன்னங்கையில் ஊசி போட்டு, வட்டம் வரைந்து, இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்கேல் வைத்து அளக்கிறார்களே, அதுதான் மாந்து டெஸ்ட். மருந்தாகத் தோற்றது, சோதனையாக நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்துவிட்டது!

மறுபடியும் எங்க அம்மா

டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னது இதுதான். சரியான மாத்திரையைச் சரியாகச் சாப்பிடும்போதே, முதலில் நன்றாகி வந்தவர்களில் சிலருக்குச் சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் கூடுவது போலத் தெரியும். கட்டி வீங்கும், புதுக்கட்டி வரும், காய்ச்சல் வரும். நெறிக்கட்டி டீபியில் இது அபூர்வம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதற்கான சிகிச்சையைத் தொடங்கும்போது இன்னும் அதிகம். மாத்திரை கிருமிகளைக் கூட்டமாகக் கொல்லும்போது அவற்றின் சிதறல்கள் வெளியே வருகின்றன. சோர்ந்து கிடந்த உடம்பின் படையும் தெம்பு பெற்று எழுகிறது. இரண்டும் மோதும்போது அந்த இடம் வீங்குகிறது. கோக்கின் ஊசி கிளப்பிய அதே வகை வீக்கம்! ஒரே வித்தியாசம், அன்று எதிரி சாகவில்லை. இன்று எதிரி செத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. இதுதான் முக்கியம் நண்பர்களே! வீக்கம் வந்தால் எல்லாம் இப்படித்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் கூடாதாம். மாத்திரைக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம். மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். டீபியே இல்லாமல் வேறு நோயாகவும் இருக்கலாம். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். மூளையிலோ மூச்சுக்குழாய் பக்கத்திலோ வீக்கம் வந்தால் அது ஆபத்து, உடனே கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கட்டியில் ஊசி வைத்துச் சீழை எடுத்தார்கள். அதனாலேயே வீக்கம் பாதி குறைந்தது. மிஷின் டெஸ்டில் மருந்துக்கு அடங்காத கிருமி இல்லை என்று வந்தது. மிச்சத்தை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அதாவது கிருமி உயிரோடு இருந்தால் வளரட்டும் என்று விதைத்து வைப்பது. முடிவு வர ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு, கிணறு தூர் வாரும்போது தண்ணி கலங்கத்தானே செய்யும், கலங்குதுன்னு பாதியில ஏறிட்டா கெணறு என்னாவுறது என்றாரு. படிக்காத எங்க அப்பா ஒரு வரியில் முடித்துவிட்டார்! அன்று ராத்திரியே அம்மா கையில் மறுநாள் மாத்திரையை எடுத்து வைத்தவரும் அவர்தான்.

ஆனாலும் அந்த ஆறு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. நாலு நாள் நிறுத்தினது நான். அந்த நாலு நாளில் கிருமி பிழைத்து, மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்தால்? கோக் பதினைந்து நாள் காத்திருந்ததை நினைத்துக்கொள்வேன். அவர் கிருமி வளர வேண்டும் என்று காத்திருந்தார். நான் வளரக் கூடாது என்று காத்திருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முடிவு வந்தது. ஒன்றும் வளரவில்லை! கட்டியில் இருந்தது செத்த கிருமிகள்தான். மார்கழியில் ஆறு மாதம் முடிந்தது. அம்மாவின் எடை 49 கிலோ. கழுத்தில் இன்னும் மிளகு அளவுக்கு ஒன்று தட்டுப்படுகிறது. அது தழும்பு மாதிரி, தங்கிப்போகலாம், பெரிதானால் மட்டும் வா என்று சொல்லியிருக்கிறார்கள். பொங்கலுக்கு அம்மாவே உலை வைத்தாங்க.

நம்ம மெட்ராஸின் பங்கு

மருந்து கண்டுபிடிக்கக் கோக்கால் முடியவில்லை. அவர் காலத்துக்குப் பிறகுதான், 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோநையசிட், 1960-களில் ரிஃபாம்பிசின் என்று வந்தன. அதுவரை காற்றோட்டமான இடத்தில் நோயாளியை வருஷக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வைத்தியம். மெட்ராஸ் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அது 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியின் பெயர்தான்.

ஏழைகளால் வருஷக்கணக்கில் படுத்திருக்க முடியுமா? 1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மறு பகுதியினருக்கு அவரவர் குடிசை வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் நெருக்கடி, சாப்பாடு குறைவு. ஆனாலும் 1959-ல் வந்த முடிவு என்ன தெரியுமா? ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு குணம்! வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. எங்க அம்மா மணப்பட்டில் எங்க வீட்டிலேயே இருந்துகொண்டு மாத்திரை சாப்பிட்டதற்குக் காரணம் அந்த மெட்ராஸ் ஆய்வு. நோயாளிகளின் சாப்பாட்டுச் செலவுக்கு அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது என்பதையும் தேவைப்படுகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கடைசிக் காலம்

டியூபர்குலினில் விழுந்த கோக் வீட்டில் முடங்கவில்லை. 1891-ல் அவருக்காகப் பெர்லினில் ஒரு ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பெரிங், எர்லிக், ஜப்பானின் கிடசாட்டோ போன்ற மேதைகள் அவரிடம் வேலை பார்த்தவர்கள். 1893-ல் முதல் மனைவியை விவாகரத்து செய்து, தன்னைவிட மிக இளையவரான ஹெட்விக் என்பவரை மணந்தார். ஊரார் அதையும் பேசினார்கள். 1896-ல் தென்னாப்பிரிக்காவில் மாட்டு நோய், 1897-ல் நம்ம பம்பாயில் பிளேக், பிறகு மலேரியா, தூக்க நோய் என்று நோய் இருக்கும் இடமெல்லாம் அலைந்தார். 1901-ல் லண்டனில், மாட்டுக் காசநோய் மனிதருக்கு அநேகமாகப் பரவாது என்று சொல்லி இன்னொரு தவறு செய்தார். பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்கள்தான் சரி. 1905-ல் காசநோய் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27-ல் பாடன்பாடன் ஊரில் இதய நோயால் காலமானார். அவருடைய அஸ்தி பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே! உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். அப்படியென்றால் இந்த மலரைப் படிக்கும் யாருக்கோ, அவர் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இது வரத்தான் போகிறது. அப்போது மாத்திரை அட்டை நம் கைக்குத்தான் வரும். நாம்தானே படித்த பிள்ளை!

கோக் வீக்கத்தைப் பார்த்து, குணமாகிறது என்று நினைத்தார். நான் வீக்கத்தைப் பார்த்து, கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு பேரும் சோதிக்காமல் முடிவு கட்டினோம். நோபல் பரிசு வாங்கிய மேதைக்கும், டிப்ளமோ படிக்கிற மணப்பட்டுப் பையனுக்கும் ஒரே தவறு! மைக்ராஸ்கோப் முன்னால் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த மனிதர், புகழின் அவசரத்தில் பொறுமையை விட்டார். நான் பயத்தின் அவசரத்தில் விட்டேன்.

ஆகவே மாத்திரை சாப்பிடும்போது நோய் கூடினால் நிறுத்தாதீர்கள். சும்மாவும் இருக்காதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அது வேறு விஷயம், அது மாத்திரையின் கெடுதலாக இருக்கலாம், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் போங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்கள் சோதித்துச் சொல்லட்டும்.

சர்வேயில் ஒரு லெவல் தப்பாக எடுத்தால் மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அப்படி முடியாது. எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. உங்களுக்கு இந்தக் கட்டுரையே போதும் என்று ஆசைப்படுகிறேன்.



– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், மணப்பட்டு